23 வயதில் ஓய்வு

(மெல்பர்னில் தமிழ்ப் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஃபுட்டியைப் பற்றி, அதாவது ஆஸ்திரேலிய ஃபுட்பாலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் அமைப்பாளர்கள் சற்றே தயங்கினார்கள். “கிரிக்கெட் என்றால் கூட்டம் வருமே ஐயா” என்றார் ஒருவர். இதற்கும் வந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி.

நம் வீடுகளில் நிலைமை என்ன? பிள்ளைகளுக்கு ஃபுட்டி தெரிகிறது, நமக்குத் தெரியவில்லை. வார இறுதியில் ஆஸ்கிக் என்ற சிறுவர் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று மற்றவர்கள் கைதட்டும்போது நாமும் தட்டுகிறோம். நாளைக்கு அந்தப் பிள்ளை நன்றாக ஆடத் தொடங்கி, பெரிய கிளப்புக்காரர்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன செய்வோம்? தொழில்முறை ஆட்டக்காரன் என்றால் என்ன வாழ்க்கை, யார் சம்பளம் போடுகிறார்கள், எதை வைத்துப் போடுகிறார்கள், உடம்பும் மனசும் எவ்வளவு தாங்கும்? அதைத்தான் இன்று ஒரே ஓர் இளைஞரின் கதையை வைத்துப் பேச நினைக்கிறேன். பெயர் டாம் பாய்ட். ஆடியது 61 ஆட்டங்கள். ஓய்வு பெற்றபோது வயது 23.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக முதலில் இரண்டு நிமிடம். தெரிந்த இளைஞர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம். பக்கத்துக்கு 18 பேர். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரண்டு கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து அனுப்பினால் கோல், 6 புள்ளி. ஓரத்துக் கம்பத்துக்கும் நடுக்கம்பத்துக்கும் இடையே போனால் பிஹைண்ட், 1 புள்ளி. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் 15 மீட்டருக்கு ஒருமுறை தரையில் தட்ட வேண்டும். எறியக்கூடாது; ஒரு கையில் ஏந்தி மறுகையால் குத்தி அனுப்பலாம். உதைத்த பந்து 15 மீட்டராவது பறந்து வந்து, தரையைத் தொடுமுன் ஒருவர் அதைப் பிடித்துவிட்டால் அது மார்க். பிடித்தவரை அதன்பின் யாரும் தொடக்கூடாது. நின்று, மூச்சு வாங்கி, குறி பார்த்து உதைக்கலாம். நான்கு கால்பகுதிகள், ஒவ்வொன்றும் 20 நிமிடம். நின்ற நேரத்தையும் சேர்த்தால் அரைமணி நேரத்தைத் தொடும். நடுக்களத்தில் ஆடுபவர் ஓர் ஆட்டத்தில் 12, 13 கிலோமீட்டர் ஓடிவிடுவார். ஆஃப்சைடு என்ற விதியே இல்லை; ஆகவே இடி முன்னாலிருந்தும் வரும், முதுகுப் பக்கமிருந்தும் வரும். இந்த ஊரில் 1859 மே மாதம் மெல்பர்ன் கிளப்பார் உட்கார்ந்து விதிகளை எழுதினார்கள். அன்று தொடங்கிய பைத்தியம் இந்த ஊருக்கு இன்னும் தெளியவில்லை.

பொறுக்கி எடுக்கும் முறை

ஏ.எஃப்.எல். என்ற தேசியப் போட்டியில் இன்று 18 கிளப்கள். இவற்றில் ஒன்றில் சேர ஒரு பையன் விண்ணப்பம் போட்டு, தனக்குப் பிடித்த அணியைத் தேர்ந்தெடுக்க முடியாது. அணிதான் அவனைத் தேர்ந்தெடுக்கும். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். 1986-இல் கொண்டுவந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தையொட்டி, பள்ளிப் படிப்பை முடிக்கும் பையன்களை அணிகள் வரிசையாகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். அந்த ஆண்டு கடைசி இடத்தில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. தோற்றவனுக்கு முதல் பந்தி. பெரிய கிளப்களே எல்லாத் திறமையையும் வாரிக்கொண்டு போகாதபடி செய்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் பையனின் பக்கம் இருந்து பாருங்கள்: பெர்த்தில் பிறந்தவனைப் பிரிஸ்பேன் அணி அழைத்தால் பிரிஸ்பேனுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். வயது 18.

டிராஃப்டுக்கு முன்னால் பரிசோதனை நடக்கும். அதைப் பார்த்தால் நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலம் நினைவுக்கு வரும். உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு, கை நீளம் எவ்வளவு, உள்ளங்கை விரிந்தால் எவ்வளவு, 20 மீட்டரை எத்தனை நொடியில் ஓடுகிறான், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் எம்புகிறான். அதோடு விடமாட்டார்கள். அப்பா என்ன வேலை, வீட்டில் சண்டை உண்டா, படிப்பில் எப்படி என்று கிளப்காரர்கள் மாறி மாறி உட்கார்ந்து விசாரிப்பார்கள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு வரிசை போடுவார்கள். அந்த வரிசையில் முதல் பெயராக வருகிறவனுக்கு அந்த எண் பட்டப்பெயர் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பத்து ஆண்டு கழித்தும் ‘நம்பர் 1 பிக்’ என்றுதான் பத்திரிகை எழுதும்.

2013-ஆம் ஆண்டின் நம்பர் 1 டாம் பாய்ட். மெல்பர்னின் கிழக்குப் புறநகர்ப் பையன். ஈஸ்டர்ன் ரேஞ்சஸ் என்ற இளையோர் அணியில் ஆடியவர். உயரம் இரண்டு மீட்டர். அவ்வளவு உயரத்தில், கூட்டத்துக்கு நடுவே எம்பிப் பந்தைப் பிடிக்கத் தெரிந்த பையன் கிடைப்பது அபூர்வம். அவரை எடுத்தது மேற்குச் சிட்னியில் புதிதாக உருவாக்கப்பட்ட ஜயன்ட்ஸ் அணி. அந்த ஆண்டு அது வென்றது ஒரே ஓர் ஆட்டம். அதனால்தான் முதல் தேர்வு அதன் கைக்கு வந்தது. பள்ளி முடித்த கையோடு வீட்டைவிட்டுச் சிட்னிக்குப் போனார் பாய்ட். 2014-இல் அங்கே 9 ஆட்டங்கள் ஆடினார்.

இங்கே ஆட்ட நுணுக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோலுக்கு முன்னால் நிற்கும் உயரமான முன்கள ஆட்டக்காரர் மற்ற எல்லாரையும்விட மெதுவாக முதிர்கிறவர். நடுக்களத்தில் ஓடும் பையன் முதல் ஆண்டிலேயே பிரகாசிக்கலாம். பந்து எங்கே போகிறதோ அங்கே அவன் போகலாம். உயரமானவன் ஓரிடத்தில் பந்துக்காகக் காத்திருக்க வேண்டும். அவனைக் காவல் காக்கிறவர் 27, 28 வயது ஆள், பத்து ஆண்டு எடை தூக்கி உரமேறிய உடம்பு. பந்து வரும்போது அவர் இடுப்பாலும் தோளாலும் இவனைத் தள்ளுவார். 19 வயதில் உடம்பு வளர்ந்திருக்கும், வலுவேறியிருக்காது. இந்த இடத்தில் ஆடுபவர்கள் இருபதுகளின் நடுப்பகுதியில்தான் நிலைகொள்வது வழக்கம். அதுவரை நல்ல நாள் ஒன்று வரும், வெறும் நாள் மூன்று வரும். பயிற்சியாளர்களுக்கு இது தெரியும். விலை போடுகிறவர்களுக்கும் தெரியும். ஆனாலும் விலை போட்டுவிடுவார்கள்.

70 லட்சம் டாலர் எப்படி வந்தது

2014 அக்டோபர். பருவம் முடிந்து, அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் சந்தைக் காலம். மேற்கு மெல்பர்னின் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணியில் பூகம்பம். அதன் கேப்டன் ரயன் கிரிஃபன், தன்னை ஜயன்ட்ஸ் அணிக்கு விட்டுவிடும்படி கேட்டார். மறுநாளோ என்னவோ பயிற்சியாளர் பிரெண்டன் மக்கார்ட்னி பதவி விலகினார். கேப்டனும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை.

புல்டாக்ஸ் என்றால் யார் என்று நம்மில் மேற்குப் பகுதியில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ஃபுட்ஸ்கிரே கிளப் என்பது பழைய பெயர். தொழிற்சாலை வேலைக்காரர்களின் அணி. அதுவரை 1954-இல் ஒரே ஒருமுறைதான் கோப்பை வென்றிருந்தது. 1961-க்குப் பிறகு இறுதி ஆட்டத்துக்கே போகவில்லை; இறுதிக்கு முந்தைய சுற்றில் ஏழுமுறை தோற்றது. 1989-இல் கிளப்பை மூடி, வேறொரு கிளப்போடு இணைத்துவிட ஏற்பாடாகியிருந்தது. ஊர் மக்கள் வீடு வீடாகப் போய்ச் சில்லறை சேர்த்துக் காப்பாற்றினார்கள். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய வழக்கறிஞர் பீட்டர் கார்டன்தான் 2014-இலும் கிளப் தலைவர். போனவனைப் பார்த்து அழுதுகொண்டிருக்கும் சுபாவம் அவருக்குக் கிடையாது. “கிரிஃபன் வேண்டுமா, டாம் பாய்டைக் கொடுங்கள்” என்பதுதான் புல்டாக்ஸின் நிபந்தனையாக இருந்தது. கிரிஃபனோடு டிராஃப்டில் 6-ஆவது தேர்வையும் சேர்த்துக் கொடுத்து, பாய்டை வாங்கினார்கள். 2021 வரை ஒப்பந்தம். ஏழு ஆண்டு, சுமார் 70 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. 9 ஆட்டம் ஆடிய, 19 வயதுப் பையனுக்கு.

ஊர் வாயைப் பிளந்தது. யோசித்துப் பாருங்கள், அந்தத் தொகை எங்கிருந்து வந்தது? இந்தப் போட்டியில் ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் கொடுக்கக் கூடாது. அதேபோல் கீழ்வரம்பும் உண்டு. உச்சவரம்பில் பெரும்பகுதியைச் செலவழித்தே தீர வேண்டும். பெரிய சம்பளக்காரரான கேப்டன் போய்விட்டார். பையில் இடம் காலியாக இருந்தது. இளம் அணி, மற்றவர்களுக்கு அவ்வளவு கொடுக்க வேண்டிய அவசியமில்லை. இன்னோர் ஊருக்குப் போய்விட்ட பையனைத் திரும்ப இழுக்க வேண்டுமானால் மறுக்க முடியாத தொகையைச் சொல்ல வேண்டும். கேப்டனை இழந்து தலைகுனிந்து நிற்கும் ஆதரவாளர்களுக்கு ஏதாவது பெரிதாகக் காட்டவும் வேண்டும். இந்த நான்கு கணக்கும் ஒரே வாரத்தில் ஒரே பையன் தலையில் வந்து இறங்கின. அவர் எத்தனை கோல் அடித்தார் என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து அது மறந்துபோயிற்று. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு வகுத்தல் கணக்கு தொடங்கியது. இன்று இத்தனை கோல், ஒரு கோலுக்கு இத்தனை ஆயிரம் டாலர். வானொலியில் அழைத்துப் பேசுகிறவர், ரயிலில் பேப்பர் படிக்கிறவர், அலுவலகக் காபி அறையில் நிற்கிறவர், எல்லாருக்கும் அந்தப் பையனின் சம்பளம் தெரியும். என் சம்பளம் உங்களுக்குத் தெரியாது, உங்கள் சம்பளம் எனக்குத் தெரியாது. அதனால்தான் நாம் இங்கே நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறோம்.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். அதே 2013 டிராஃப்டில் புல்டாக்ஸ் தன் முறை வந்தபோது 4-ஆவதாக எடுத்த பையன் மார்கஸ் பொன்டெம்பெல்லி. இன்று அந்த அணியின் கேப்டன், இந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். ஒரே வயது, ஒரே ஊர், ஒரே அணி. ஒருவர் நடுக்களம், ஒருவர் முன்களம். ஒருவர் மேல் சுமை மெல்ல மெல்ல ஏறியது. இன்னொருவர் மேல் முதல் நாளே முழுசாக ஏறியது.

2016 அக்டோபர் 1

புதிய பயிற்சியாளராக லூக் பெவரிட்ஜ் வந்தார். 2016-இல் புல்டாக்ஸ் பட்டியலில் 7-ஆவது இடத்தில் முடித்தது. அந்த இடத்திலிருந்து அதுவரை யாரும் கோப்பைக்குப் போனதில்லை. பெர்த்துக்குப் போய் வெஸ்ட் கோஸ்டை வென்றார்கள். மெல்பர்ன் கிரிக்கெட் மைதானமான எம்.சி.ஜி.யில், தொடர்ந்து மூன்று ஆண்டு கோப்பை வென்றிருந்த ஹாதார்னை வென்றார்கள். சிட்னிக்குப் போய், பாய்டின் பழைய அணியான ஜயன்ட்ஸை 6 புள்ளியில் வென்றார்கள். 55 ஆண்டுக்குப் பிறகு இறுதி ஆட்டம். எதிரே சிட்னி ஸ்வான்ஸ். எம்.சி.ஜி.யில் 99,981 பேர்.

நான்காம் கால்பகுதி. புல்டாக்ஸ் முன்னிலையில் இருந்தாலும் வித்தியாசம் சொற்பம். எந்த நொடியும் புரளலாம். நடுக்களத்தில் சிட்னியின் லான்ஸ் ஃபிராங்க்ளின் கையில் பந்து. நாட்டிலேயே மிகப் பெரிய ஒப்பந்தம் பெற்றவர்களில் ஒருவர் அவர். ஒன்பது ஆண்டு, ஒரு கோடி டாலர் என்று பேசப்பட்டவர். பின்னாலிருந்து புல்டாக்ஸின் டேல் மாரிஸ் பாய்ந்து அவரைக் கட்டிப்பிடித்து விழுத்தாட்டினார். மாரிஸுக்கு அப்போது வயது 33. முதுகெலும்பில் முறிவோடு அந்த இறுதிச் சுற்று ஆட்டங்களை ஆடினார் என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. பிடி நழுவிப் பந்து புல்லில் உருண்டது. உருண்ட இடத்தில் நின்றவர் பாய்ட். எடுத்தார், திரும்பினார், உதைத்தார். அறுபது மீட்டருக்குக் குறையாத தூரம். பந்து கோலுக்கு முன்னால் விழுந்து, எம்பி, யாரும் தொடாமல் கம்பங்களுக்கு நடுவே துள்ளிப் போயிற்று. அன்று அவருக்கு அது மூன்றாவது கோல். புல்டாக்ஸ் 89, சிட்னி 67. 62 ஆண்டுக்குப் பிறகு கோப்பை.

ஆட்டநாயகனுக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் ஜேசன் ஜொஹானிசனுக்குப் போனது. பாய்டுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் இன்றும் மேற்கில் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். கூட்டத்துக்கு நடுவே அன்று அவர் எம்பிப் பிடித்த மார்க்குகளை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. வயது 21.

மறுநாள் முதல் ஊர் வேறு பாட்டுப் பாடியது. ‘ஒரே நாளில் 70 லட்சத்துக்கும் கணக்குத் தீர்த்துவிட்டான்’ என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தப் பாராட்டுக்கு உள்ளேயும் அதே கணக்குப் புத்தகம் இருந்தது. கிளப்பின் தலைவரும் வழக்கறிஞர்களும் உட்கார்ந்து தாங்களே சொன்ன தொகைக்கு, கையெழுத்துப் போட்ட பையன் எப்படிக் கடனாளி ஆனான்? இதை அன்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

தூக்கம் போன பையன்

2017 ஜூன் மாதம், கோப்பை வென்று ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. மனநலக் காரணத்துக்காக பாய்ட் ஆட்டத்திலிருந்து விலகி இருக்கப்போவதாகக் கிளப் அறிவித்தது. மனச்சோர்வு நோய். தூக்கமின்மை, பதற்றம் இரண்டும் அவரை நெடுநாள் வாட்டியதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகப் பேசினார். அதே மாதம் அதே அணியின் மூத்த ஆட்டக்காரர் டிராவிஸ் கிளோக்கும் அதே காரணத்துக்காக விடுப்பில் போனார்.

லான்ஸ் ஃபிராங்க்ளினை நினைவில் வைத்திருப்பீர்கள். அவர் 2015-இல் மனநலக் காரணத்தால் இறுதிச் சுற்று ஆட்டங்களையே விட்டுவிட்டவர். ஆக, அந்த இறுதி ஆட்டத்தில் பந்தைத் தவறவிட்டவர், எடுத்து உதைத்தவர் இருவரும் மனநலத் துன்பத்தைக் கண்டவர்கள். ஒருவர் தேறி வந்து ஆடிக்கொண்டிருந்தார். இன்னொருவருக்கு அது வெளியே வர எட்டு மாதம் இருந்தது. ஒரு லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தோம், யாருக்கும் தெரியாது. கோல் அடிப்பதையும் தூங்காமல் இருப்பதையும் ஒரே ஆள் ஒரே வாரத்தில் செய்ய முடியும் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தத் தொழிலின் அன்றாடத்தைப் பாருங்கள். சீருடையில் தோள்பட்டைகளுக்கு நடுவே சிறு பை ஒன்று தைத்திருப்பார்கள். அதில் தீப்பெட்டி அளவில் ஒரு ஜி.பி.எஸ். கருவி. எவ்வளவு ஓடினான், எவ்வளவு வேகம், எப்போது நின்றான், எல்லாம் பதிவாகும். தோலை இடுக்கியால் பிடித்துக் கொழுப்பை அளப்பார்கள். ஆட்டம் முடிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, அணி முழுவதும் இருக்க, திரையில் அவனவன் தவறுகளைப் போட்டுக் காட்டுவார்கள். எத்தனை மணி நேரம் தூங்கினாய், தசை எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டு எண் போடச் சொல்வார்கள். எல்லாவற்றையும் அளக்கிற இடத்தில் ஒரு பையன், தூக்கம் எப்படி என்ற கேள்விக்கு உண்மையைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை அணியில் தன் இடம் போய்விடுமோ என்று பயப்படுவது இயற்கை. கிளப்களில் இப்போது மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள் இருக்கிறார்கள். அது பெரிய முன்னேற்றம். பாய்ட் போல வெளியே வந்து சொன்னவர்கள் இல்லாவிட்டால் அந்த முன்னேற்றம் இவ்வளவு வேகமாக வந்திருக்காது.

2018-இல் அவர் திரும்பி வந்து ஆடினார். பிறகு முதுகுவலி படுத்தியது. 2019 மே மாதம், 23 வயதில், ஓய்வை அறிவித்தார். உடம்பும் மனசும் பட்ட பாட்டில் ஆட்டத்தின் மேல் இருந்த ஆசை போய்விட்டது என்பதுதான் அவர் சொன்ன காரணம். ஒப்பந்தத்தில் இரண்டரை ஆண்டு மிச்சம். காயம் என்று சொல்லிக்கொண்டு, சிகிச்சை அறைக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்திருந்தால் அந்தப் பணம் வந்திருக்கும். யாரும் தடுத்திருக்க முடியாது. அவர் எழுந்து போனார். பிறகு தன் கதையைப் புத்தகமாக எழுதினார், அது 2022-இல் வந்தது. இன்று பள்ளிகளிலும் நிறுவனங்களிலும் மனநலம் பற்றிப் பேசுகிறார்.

தனியாள் கதை இல்லை

இது ஒரு பையனின் பலவீனம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முதல் எண் வாங்கிய வேறு இருவரைச் சொல்கிறேன்.

2008-இன் நம்பர் 1 ஜாக் வாட்ஸ். மெல்பர்ன் அணி எடுத்தது. 2009 ஜூன் மாதம், அரசியாரின் பிறந்தநாள் விடுமுறை ஆட்டத்தில், பரம எதிரியான காலிங்வுட்டுக்கு எதிராக எம்.சி.ஜி.யில் களமிறக்கினார்கள். அப்போது அவர் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர். பந்து கைக்கு வந்ததும் காலிங்வுட்டின் பெரிய ஆட்கள் மூன்று நான்கு பேர் மேலே விழுந்தார்கள். அந்தக் காட்சி பத்து ஆண்டு அவரைத் துரத்தியது. அவர் 170-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். சாதாரண ஆட்டக்காரருக்கு அது கௌரவமான எண்ணிக்கை. அவருக்கு மட்டும் அது ஏமாற்றம் என்று எழுதப்பட்டது. காரணம், 17 வயதில் யாரோ போட்ட வரிசை எண்.

2014-இன் நம்பர் 1 பேடி மக்கார்ட்டின். சிறுவயதிலிருந்தே முதல் வகைச் சர்க்கரை நோய். இன்சுலின் போட்டுக்கொண்டே ஆடியவர். செயின்ட் கில்டா அணியில் 35 ஆட்டங்கள். அதற்குள் தலையில் அடிமேல் அடி. மூளை அதிர்ச்சி எட்டுமுறை என்று செய்தி வந்தது. அணி அவரை விடுவித்தது. கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். இரண்டு ஆண்டு கழித்துச் சிட்னியில் தன் தம்பி டாமோடு சேர்ந்து தற்காப்பில் ஆடி, 2022 இறுதி ஆட்டம்வரை போனார். 2023 ஏப்ரலில் இன்னோர் அடி. அதோடு ஓய்வு. மூளை அதிர்ச்சி ஏற்பட்டவர் குறைந்தது 12 நாள் ஆடக் கூடாது என்று 2021-இலிருந்து விதி இருக்கிறது. முன்பு அதில் பாதிதான். இறந்துபோன பழைய ஆட்டக்காரர்கள் சிலரின் மூளையைப் பரிசோதித்து, அது சிதைந்திருந்தது தெரியவந்த பிறகுதான் இவ்வளவு கண்டிப்பு.

மனசு, உடம்பு, ஊர் வாய். மூன்று பையன்களுக்கும் வந்த துன்பம் வெவ்வேறு. மூவருக்கும் பொதுவானது ஒன்றே: இருபது வயது ஆகுமுன் அவர்கள்மேல் போடப்பட்ட விலை, அவர்கள் செய்த வேலைக்கானது அல்ல. நாங்கள் இவ்வளவு எதிர்பார்க்கிறோம் என்று மற்றவர்கள் போட்ட தொகை அது. எதிர்பார்த்தவர்களின் கணக்கு தவறிப்போனால், தவறியது எதிர்பார்த்தவர்களின் கணக்கு. பையன் தவறவில்லை.

“பணம் வாங்கினானே ஐயா” என்று கேட்பீர்கள். வாங்கினார். உழைத்து வாங்கினார். உழைக்க முடியாது என்று தெரிந்த நாளில் மிச்சத்தை விட்டுவிட்டுப் போனார். நாற்பது ஆண்டு வேலை பார்த்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். விருப்பம் செத்த பிறகும் சம்பளத்துக்காக ஒட்டிக்கொண்டிருப்பதில் உள்ள வேதனை உங்களில் பலருக்குத் தெரியும். நம்மால் எழுந்து போக முடியவில்லை. வீட்டுக் கடன் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். அவரால் முடிந்தது. என் கணக்கில் அந்த 60 மீட்டர் உதையைவிட இது கடினமான ஆட்டம்.

பெற்றோருக்கு

பிள்ளைகளை ஃபுட்டிக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அனுப்புங்கள். ஓடட்டும், சேற்றில் புரளட்டும், பலதரப்பட்ட வீட்டுப் பிள்ளைகளோடு பழகட்டும். இந்த ஊரில் வேரூன்ற இதைவிட நல்ல வழி குறைவு. அனுப்பும்போது நான்கு விஷயங்களை மனதில் வையுங்கள்.

ஒன்று, படிப்பையோ தொழிலையோ கைவிட விடாதீர்கள். டிராஃப்டில் எடுக்கப்படுகிறவர்களிலேயே பலர் சில ஆண்டுகளில் வெளியே வந்துவிடுகிறார்கள். எடுக்கப்படாதவர்கள் அதைவிடப் பல மடங்கு. கிளப் விடுவிக்கிற அன்றைக்குக் கையில் இன்னொன்று இருக்க வேண்டும்.

இரண்டு, தலையில் அடிபட்டால் பிள்ளை சொல்லும் ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலை ஏற்காதீர்கள். அடுத்த வாரம் இறுதி ஆட்டமாகவே இருக்கட்டும். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை களத்தில் விடாதீர்கள். பயிற்சியாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மூன்று, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் ‘என் பையன் எத்தனை கோல் அடித்தான் தெரியுமா’ என்று பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள். நம் ஆட்கள் பரீட்சை மார்க்கில் செய்வதை இதிலும் செய்யத் தொடங்கிவிட்டோம். ஊர் போடும் விலை போதாதென்று வீட்டிலும் ஒரு விலையா?

நான்காவது, இதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். பிள்ளை ஒருநாள் வந்து ‘இனி எனக்கு வேண்டாம்’ என்று சொன்னால், காலணிக்கு எவ்வளவு செலவழித்தோம், எத்தனை சனிக்கிழமை கார் ஓட்டினோம் என்று பட்டியல் எடுக்காதீர்கள். உட்கார வைத்து, ஏன் என்று கேளுங்கள். பதில் முழுவதையும் கேளுங்கள். சோம்பலாக இருந்தால் தட்டிக்கொடுத்து அனுப்பலாம். தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது என்று சொன்னால் அன்றே மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை, கோப்பை வென்றவருக்கே வந்த நோய் இது. 70 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டவர் எழுந்து போகலாம் என்றால், நம் வீட்டுப் பிள்ளையும் போகலாம். விட்டுவிடுகிறேன் என்று சொல்லும் பிள்ளையைக் கோழை என்று மட்டும் சொல்லாதீர்கள்.